மல்லிகை அத்தர் ஒரு மணி நேரம் கழித்து ஏன் பாச்சை உருண்டை மாதிரி மணக்கிறது?

ஒருவர் எழுதிக் கேட்ட கேள்வி இதுதான். உத்தரப் பிரதேசத்தில் அத்தருக்குப் பேர்போன ஊரான கன்னோஜ் போய்வந்த அவருடைய தோழி, 'மோதியா' என்று எழுதிய ஒரு சின்னக் குப்பி அத்தரைக் கொடுத்திருக்கிறார். சந்தன எண்ணெயில் இறக்கிய மல்லிகை என்று கடையில் சொன்னார்களாம். மணிக்கட்டில் பூசியதும் பச்சைக் காம்பை ஒடித்த மாதிரி ஒரு வாடை. கால் மணி நேரத்தில் அசல் மல்லிகை. ஒரு மணி நேரம் போனால் பீரோவில் போடும் பாச்சை உருண்டை. சாயங்காலம் வெறும் சந்தனம். அதே குப்பி அக்காவின் கையில் ஆரம்பம் முதலே இனிப்பாக மணக்கிறது, பாச்சை உருண்டையே வரவில்லை. "இது போலியா, இல்லை என் தோலில் கோளாறா?"

இரண்டும் இல்லை. மலிவான போலி இவ்வளவு வேடம் போடாது. முதல் நிமிடத்தில் எப்படி மணந்ததோ அப்படியே ஒரே இனிப்பாக மணந்துவிட்டு அடங்கிப்போகும். உங்கள் கையில் நடந்தது, ஏறக்குறைய நல்ல மல்லிகைச் சந்தன அத்தர் ஒன்று நடந்துகொள்ள வேண்டிய முறையேதான். அந்த நடுவில் வரும் 'கெட்ட' கட்டம்தான் உங்களைக் குழப்பியிருக்கிறது. அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

ஊதுபத்திக்கும் சோப்புக்கும் காம்பவுண்டு, அதாவது வாசனைக் கலவை, கலக்கும் இடத்தில் நான் பல வருடம் இருந்தேன். சேர்ந்த முதல் வாரம் முதலாளி ஒரு குப்பியைத் திறந்து நீட்டினார். வெள்ளைத் தூள், சின்னச் சின்னச் செதிலாக இருந்தது. மோந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாச்சை உருண்டையும் சுத்தம் செய்யாத கழிவறையும் சேர்ந்த மாதிரி ஒரு நெடி. சிரித்துக்கொண்டே அதில் துளியூண்டு எடுத்து ஆல்கஹாலில் கரைத்தார், அதையும் இன்னொரு தடவை நன்றாக நீர்க்கச் செய்து காகிதப் பட்டையில் தொட்டு நீட்டினார். பூக்கடை வாசல்! அந்தத் தூளின் பெயர் இண்டோல். உங்கள் கையில் ஒரு மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தது அதுதான்.

சரி, முறையாகவே வருவோம். இந்தக் கூட்டணி நமக்குப் புதிதல்ல. கல்யாண வரவேற்பு மேசையில் சந்தனப் பேலா, பக்கத்தில் பன்னீர்ச் செம்பு. வருகிற பெண்கள் தலையில் ஆளுக்கு இரண்டு முழம் மல்லிகை. புழுக்கமான மண்டபத்தில் மல்லிகையும் சந்தனமும் கலந்து எழும் அந்தக் காற்றைத்தான் பாரீஸ் வாசனைக் கலைஞர்கள் 'வைட் ஃப்ளோரல், வுடி' (வெள்ளைப்பூ, மரம்) என்ற வகையில் வைக்கிறார்கள். குவெர்லேன் நிறுவனம் 1989-இல் மல்லிகையையும் சந்தனத்தையும் இரண்டு தூண்களாக நிறுத்தி ஒரு வாசனைத் திரவியம் வெளியிட்டது. அதற்கு வைத்த பெயர் 'சம்சாரா'. பெயரும் இங்கிருந்து, பொருளும் இங்கிருந்து.

வெள்ளைப்பூ என்று தொழிலில் சொல்லும்போது நிறம் இரண்டாம்பட்சம், குணம்தான் பேச்சு. வெள்ளை ரோஜா இந்தக் கூட்டத்தில் சேராது. மல்லிகை, பிச்சி, நிலச்சம்பங்கி, கார்டீனியா, ஆரஞ்சுப் பூ இவையெல்லாம் சேரும். இவற்றில் பல இருட்டிய பிறகு மணப்பவை. இருட்டில் நிறத்தைக் காட்டி என்ன பிரயோசனம்? தூரத்தில் பறக்கும் அந்துப்பூச்சியை மணத்தால்தான் இழுக்க வேண்டும். அதனால் மணம் கனமாக, கொஞ்சம் மிருகத்தனமாகக்கூட இருக்கும். பாச்சை உருண்டைக்கு அந்துருண்டை என்றும் பெயர் உண்டல்லவா? அந்துப்பூச்சியைக் கூப்பிட எழும் மணத்துக்குள்ளேயே அதை விரட்டும் உருண்டையின் சாயல் இருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும்.

மல்லிகை என்று ஒரே பெயரில் நாம் சொன்னாலும் வாசனைக்காரனுக்கு அது பல பூ. உங்கள் குப்பியில் இருக்கும் மோதியா நம் குண்டுமல்லி, மதுரைக்காரர்கள் 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே இனம். கன்னோஜில் 'சமேலி' என்று விற்பது நம் பிச்சி, ஜாதிமல்லி. ஊசிபோல் மெலிந்த முல்லை வேறு. பிச்சி பழுத்த பழம் மாதிரி இனிக்கும். குண்டுமல்லியில் பச்சை வாடையும், திராட்சை ஜூஸ் மாதிரி ஒரு சாயலும் தூக்கலாக இருக்கும். இந்தத் திராட்சைச் சாயலைத் தருவது மீதைல் ஆந்த்ரனிலேட் என்ற பொருள். கடையில் கிடைக்கும் திராட்சை மிட்டாய்களுக்கும் சோடாக்களுக்கும் மணம் ஊட்டுவது இதுவேதான். அடுத்த தடவை பூ வாங்கும்போது கண்ணை மூடி மோந்து பாருங்கள், ஒரு தடவை பிடிபட்டுவிட்டால் அப்புறம் விடாது.

பூசியதும் வந்த பச்சைக் காம்பு வாடைக்கும் பயப்பட வேண்டாம். புல்லை வெட்டும்போது எழும் வாசனைப் பொருளின் உறவுக்காரர்கள் குண்டுமல்லியில் இயல்பாகவே உண்டு. அவை இலேசானவை, முதலில் கிளம்பிப் போய்விடும்.

இப்போது அத்தர் எப்படி இறக்குகிறார்கள் என்று பார்த்துவிட்டால் மீதிப் புதிர் எளிதாக அவிழும். கன்னோஜில் 'தேக்' என்ற செப்பு அண்டாவில் பூவையும் தண்ணீரையும் போட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, அடியில் விறகெரிப்பார்கள். ஆவி ஒரு மூங்கில் குழாய் வழியாகப் போய், தண்ணீர்த் தொட்டியில் முக்கால்வாசி மூழ்கியிருக்கும் 'பப்கா' என்ற செப்புக் குடத்தில் இறங்கும். சூட்சுமம் அந்தக் குடத்தில்தான். அதற்குள் முன்கூட்டியே சந்தன எண்ணெய் ஊற்றி வைத்திருப்பார்கள். பூவின் மணம் ஆவியாக வந்து நேராகச் சந்தன எண்ணெய்க்குள் குதிக்கிறது. தண்ணீர் அடியில் தங்கும், அதை வடித்துவிட்டு மறுநாள் புதுப் பூவைப் போட்டு, அதே எண்ணெயில் மறுபடி இறக்குவார்கள். எண்ணெய் பூவைக் குடித்துக் குடித்து நிறையும் வரை இது பல நாள் நடக்கும்.

ஆக, உங்கள் அத்தரில் சந்தனம் சாயங்காலம் வரும் விருந்தாளி அல்ல. பூவுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர். முதல் நொடியிலிருந்தே அது தோலில் இருக்கிறது. நீங்கள் அதைச் சாயங்காலம்தான் கவனிக்கிறீர்கள், அவ்வளவுதான்.

வாசனையை மேல், நடு, அடி என்று மூன்று தட்டாகப் பிரித்துப் படம் போட்டு விளக்குவார்கள். விளம்பரத்துக்கு அது வசதி. தோலில் நடப்பது அப்படி மாடி இறங்கும் வேலை அல்ல. எல்லாம் ஒரே நேரத்தில் ஆவியாகத் தொடங்குகின்றன, ஆளுக்கொரு வேகத்தில். ஒவ்வொரு நிமிடமும் மிச்சம் இருப்பவற்றின் விகிதம் மாறுகிறது. அந்த விகிதத்தைத்தான் மூக்கு படிக்கிறது.

மல்லிகையில் அதிகமாக இருப்பவற்றில் பென்சைல் அசிடேட், லினலூல் இரண்டும் முக்கியம். முன்னது வாழைப்பழமும் பூவும் கலந்த இனிப்பு, பின்னது தெளிவான, கொஞ்சம் எலுமிச்சைத்தன்மை கொண்ட பூ மணம். இவற்றின் கொதிநிலை 200 டிகிரியை ஒட்டி நிற்கிறது. இண்டோலுக்கு 254. சந்தனத்துக்கு மணம் தரும் சாண்டலால் என்ற பொருட்களுக்கு 300-ஐத் தாண்டும். உங்கள் மணிக்கட்டு எதையும் கொதிக்க வைக்கப்போவதில்லை, தோலின் மேல்பரப்பு 32 முதல் 34 டிகிரிதான். ஆனால் யார் முதலில் கிளம்புவார், யார் கடைசி வரை இருப்பார் என்ற வரிசையைக் கணிக்க இந்த எண்கள் போதும்.

இப்போது உங்கள் கடிகாரத்தோடு ஒத்துப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் பச்சை. அப்புறம் பென்சைல் அசிடேட், லினலூல், திராட்சைச் சாயல், இண்டோல் எல்லாம் சரியான அளவில் கைகோத்து நிற்கும் நேரம் வருகிறது, நீங்கள் 'அசல் மல்லிகை' என்று சொன்னது அதைத்தான். ஒரு மணி நேரத்தில் இனிப்பானவை பெரும்பாலும் பறந்துவிட்டன. இண்டோல் இன்னும் அங்கேயே இருக்கிறது. அது கூடவில்லை, சொல்லப்போனால் குறைந்துதான் இருக்கிறது. அதன் மேல் கிடந்த போர்வை விலகிவிட்டது. மேலும் இரண்டு மணி நேரம் போனால் இண்டோலும் கிளம்பிவிடும், சாண்டலால் மட்டும் மிஞ்சும்.

இன்னும் புரிய வேண்டுமானால், ராத்திரி தலையில் இருந்து கழற்றித் தலையணைப் பக்கம் வைத்த மல்லிகைச் சரத்தைக் காலையில் எடுத்து மோந்து பாருங்கள். ஓரம் பழுத்து, பழுப்பேறி, இனிப்பு போய், ஒரு கனத்த வாடை இருக்குமே, அதே கதைதான். பூ ஒரு ராத்திரியில் செய்வதை அத்தர் உங்கள் கையில் இரண்டு மணி நேரத்தில் செய்துகாட்டுகிறது. எனக்கு அந்த வாடை பிடிக்கும். பலருக்குப் பிடிக்காது, சண்டை இல்லை.

இண்டோலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெள்ளைப்பூக்களின் ரகசியமே இதில்தான் இருக்கிறது. மல்லிகையின் சாறில் இது சில சதவீதம்தான். மனித மலத்திலும் இதே மூலக்கூறுதான் இருக்கிறது, குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் செய்வது. முகம் சுளிக்காதீர்கள், பூ செய்வதும் குடல் செய்வதும் ஒரே பொருள்தான், அளவுதான் வேறு. இதை எடுத்துவிட்டு மல்லிகை செய்தால் எப்படி இருக்கும் என்று கேட்டால், ஒரு நல்ல சோப்பு மாதிரி இருக்கும். சுத்தமாக, வெள்ளையாக, உயிரில்லாமல். பழந்தமிழில் 'நாற்றம்' என்றால் நல்ல மணமும்தான். பின்னால்தான் அந்தச் சொல் கெட்ட பக்கம் போய் நின்றுகொண்டது. மல்லிகைக்கு மட்டும் அந்தப் பழைய பொருளையே விட்டுவைத்திருக்கலாம்.

நவீன வாசனைத் திரவியங்களில் உங்களுக்குப் பாச்சை உருண்டைக் கட்டம் வராமல் போவதற்குக் காரணமும் இதுவே. 1950-களின் கடைசியில் ஃபிர்மெனிஷ் நிறுவனத்தில் எதுவார் தெமோல் என்ற வேதியியலாளர் மல்லிகையை ஆராயும்போது அவர் கைக்கு வந்த பொருள் ஹெடியோன். மல்லிகையிலிருந்து கனத்தையெல்லாம் எடுத்துவிட்டு, காற்றையும் வெளிச்சத்தையும் மட்டும் வைத்துக்கொண்ட மாதிரி மணக்கும். 1966-இல் எத்மோன் ருட்னிட்ஸ்கா தியோர் நிறுவனத்துக்காகச் செய்த 'ஓ சவாஜ்' என்ற ஆண்களுக்கான திரவியத்தில் அதைச் சேர்த்தார், அப்புறம் அது நுழையாத இடமே இல்லை. இன்று கடையில் 'ஜாஸ்மின்' என்று வாங்கும் பலவற்றில் பெரும்பங்கு ஹெடியோன்தான். அது பழகிய மூக்குக்கு மோதியா அத்தர் திடீரென்று பச்சை மாமிசம் மாதிரி தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

சந்தனத்துக்கு வருவோம். அத்தனை எண்ணெய்கள் இருக்க, கன்னோஜ்காரர்கள் சந்தனத்தைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் பக்தி அல்ல. சந்தன எண்ணெய் மெதுவாகப் பேசுவது, பூவை அமுக்காது. ஆவியாவதில் மகா சோம்பேறி. 1950-களில் பவுச்சர் என்ற ஆங்கில வாசனை நிபுணர், வாசனைப் பொருட்கள் எவ்வளவு நேரம் நீடிக்கின்றன என்று பார்த்து 1 முதல் 100 வரை எண் கொடுத்தபோது சந்தனத்துக்கு 100 கொடுத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, அது பூவின் இலேசான பொருட்களைத் தனக்குள் கரைத்துப் பிடித்து வைக்கிறது. கரைந்து கலந்திருப்பவை தனியாக இருக்கும்போது பறக்கும் வேகத்தில் பறக்க முடியாது. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். இங்கே நார்தான் பூவை மணக்க வைத்துக்கொண்டிருக்கிறது.

அதனால்தான் ஆல்கஹாலில் கரைத்த ஸ்பிரே அடித்ததும் படாரென்று அறை முழுக்கப் பரவுகிறது, அத்தர் அப்படிப் பரவுவதில்லை. ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிப்பது, தோலில் பட்டதும் ஓடும், ஓடும்போது மேலே இருக்கும் இலேசான மணங்களையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். அத்தரில் அந்த ஆரவாரம் கிடையாது. ஒரு கை தூரத்துக்குள் இருப்பவருக்கு மட்டும் தெரியும். ஆபீசில் எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்றால் அத்தர் உங்களுக்கு ஒத்துவராது.

நல்ல சந்தன எண்ணெயில் ஆல்பா சாண்டலால் பாதியை ஒட்டி இருக்கும், பீட்டா சாண்டலால் அதில் பாதிக்கும் கீழே. அளவில் குறைந்த பீட்டாதான் நாம் 'சந்தனம்' என்று அடையாளம் காணும் அந்தப் பால்தன்மைக்கு முக்கியக் காரணம். சந்தன மரத்துக்கு உள்ளே வைரம், அதாவது மணமுள்ள உள்கட்டை, ஏறப் பதினைந்து, இருபது வருடமாவது வேண்டும், தன் வேரை அக்கம்பக்கத்துச் செடிகளின் வேரில் ஒட்டவைத்துச் சாப்பிட்டுக்கொண்டே வளரும் மரம் அது. மைசூரில் அரசுச் சந்தன எண்ணெய்த் தொழில் 1916-ஐ ஒட்டித் தொடங்கியது. முதல் உலகப் போரால் ஐரோப்பாவுக்குக் கட்டை ஏற்றுமதி நின்றுபோய்க் கட்டைகள் குவிந்துகிடந்த நேரம் அது. நம் பக்கம் ஜவ்வாது மலைக் கட்டைகள் திருப்பத்தூர் அரசுச் சந்தனக் கிடங்குக்கு வந்து ஏலம் போகும். இன்று உலகச் சந்தையில் ஆஸ்திரேலியத் தோட்டத்துச் சந்தனமும் கணிசம். இனம் நம் சந்தனமேதான், மண்தான் வேறு.

ஒரு கிளைக்கதை. ஆய்வகத்தில் செய்யும் சந்தனங்களில் சாண்டலோர் என்று ஒன்று உண்டு. 2014-இல் ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நம் தோல் செல்களில் இருக்கும் ஒரு மணமுணர் ஏற்பியை அது தூண்டுகிறது, தூண்டினால் புண் ஆறும் வேகம் கூடுகிறது என்று ஆய்வுக்கூடச் சோதனையில் கண்டார்கள். அதாவது தோலுக்கும் ஒரு மாதிரி மூக்கு இருக்கிறது. இதைச் சொன்னதும் சந்தனம் பூசினால் புண் ஆறும் என்று கிளம்பிவிடாதீர்கள், சோதித்தது செயற்கைப் பொருளை.

இனி உங்கள் தோல், அக்காவின் தோல். 'அமிலத்தன்மை வேறு, அதனால் மணம் வேறு' என்று எல்லாரும் சொல்வார்கள். தோலின் அமிலத்தன்மை ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், உண்மை. ஆனால் சில மணி நேரத்தில் மல்லிகையை வேறு பூவாக மாற்றும் அளவுக்கு அது வேலை செய்கிறது என்று நான் நம்பவில்லை. பெரிய வித்தியாசம் எண்ணெய்ப்பசையில் இருக்கிறது. எண்ணெய்ப்பசையுள்ள தோல் சந்தனம் செய்யும் அதே வேலையைச் செய்கிறது: இலேசான இனிப்பு மணங்களைக் கரைத்துப் பிடித்துவைக்கிறது. போர்வை சீக்கிரம் விலகாது, இண்டோல் வெளியே தெரியாது. வறண்ட தோலில் இனிப்பு வேகமாகப் பறந்துவிடும், இண்டோல் தனியாக மாட்டிக்கொள்ளும். குளித்து, சோப்புப் போட்டு, ஒன்றும் தடவாமல் உடனே அத்தர் பூசுகிறவரா நீங்கள்? அப்படியானால் விடை பெரும்பாலும் அங்கேதான்.

அடுத்தது அளவு. இண்டோல் நெருக்கமாக இருந்தால் பாச்சை உருண்டை, பரவி நின்றால் பூ. முதலாளி எனக்குக் காட்டிய வித்தை அதுதானே. ஒரு முழுச் சொட்டை மணிக்கட்டில் வைத்து, மூக்கை அதிலேயே ஒட்டிவைத்து மோந்தால் யார் கையிலும் பாச்சை உருண்டை வரும். அக்கா குப்பியின் மூடியில் ஒட்டியதை மட்டும் தொட்டுப் பூசியிருக்கலாம்.

மூன்றாவது மூக்கு. சில மணப்பொருட்கள் சில பேருக்குச் சுத்தமாகத் தெரியாது, பெரிய மூலக்கூறுகளான கஸ்தூரிச் செயற்கைப் பொருட்களில் இது சகஜம். இண்டோலைக் கூர்மையாக உணர்கிறவர்களும் மந்தமாக உணர்கிறவர்களும் ஒரே வீட்டில் இருப்பார்கள். ஆகவே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கையிலும் அக்கா கையிலும் ஒரே பல்குத்தும் குச்சியால் ஒரே அளவு தொட்டு வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து நீங்கள் அவர் கையை மோந்து பாருங்கள், அவர் உங்கள் கையை மோக்கட்டும். இரண்டு கையிலும் உங்களுக்குப் பாச்சை உருண்டை தெரிந்து, அவருக்கு இரண்டிலும் தெரியாவிட்டால் தோல் நிரபராதி, வித்தியாசம் மூக்கில். நான் பார்த்த சண்டைகளில் பாதி இப்படித்தான் தீர்ந்தது.

மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று உரசாதீர்கள் என்பார்கள், மூலக்கூறு உடைந்துபோகுமாம். அப்படியெல்லாம் உடையாது. ஆனால் உரசினால் சூடு ஏறி, எண்ணெய் பரப்பாகத் தேய்ந்து, முதல் பத்து நிமிடக் கதை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். காரணம் தப்பு, அறிவுரை சரி.

வெயில் காலமும் கணக்கில் உண்டு. சென்னை மே மாத மதியத்தில் வெள்ளைப்பூ மணம் வீங்கும், இண்டோலும் சேர்ந்து வீங்கும். இதே குப்பியை மார்கழிக் காலையில் பூசிப் பாருங்கள், சந்தனம் முன்னால் வந்து நிற்கும், மல்லிகை அடக்கமாகப் பின்னால் இருக்கும். என்னைக் கேட்டால் மோதியாவுக்கு உகந்த நேரம் ஆறு மணிக்கு மேல்தான், பூ விரிகிற அதே நேரம். மொட்டாகக் காலையில் பறித்த குண்டுமல்லி இருட்டிய பிறகுதான் மலர்ந்து மணக்கத் தொடங்குகிறது. மணச் சாறு எடுக்கும் இடங்களில்கூடப் பூவைப் பகலில் வாங்கி விரித்துவைத்து, மலரும் வரை காத்திருந்துதான் பாத்திரத்தில் போடுவார்கள். சத்தியமங்கலத்திலும் நிலக்கோட்டையிலும் பூ விலை சரிந்த நாட்களில் 'சென்ட் ஃபேக்டரிக்குப் போகுது' என்று பேச்சு வருமே, அந்தப் பூ போகும் இடம் அதுதான். அங்கே செய்வது அத்தர் அல்ல. ஹெக்சேன் என்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து மணமுள்ள மெழுகை எடுத்து, அதை ஆல்கஹாலில் கழுவி 'அப்சல்யூட்' என்ற அடர்ந்த சாறாக்குவார்கள். ஒரு டன் பூவுக்கு ஓரிரு கிலோ தேறினால் பெரிது. சூடு படாததால் அது இன்னும் கனமாக, இன்னும் நிஜப் பூவாக இருக்கும். காய்ச்சி இறக்கிய அத்தரில் கொஞ்சம் வேகவைத்த பூவின் சாயல் இருக்கத்தான் செய்யும், அது குறை இல்லை.

போலியா என்ற கேள்வியை நான் முழுக்கத் தள்ளிவிடவில்லை. சந்தனத்தின் விலை ஏறிய பிறகு பல அத்தர்களில் அடிப்பொருள் சந்தனம் அல்ல. மணமில்லாத லிக்விட் பாரஃபின், அல்லது பிளாஸ்டிக்கை இளக்கப் பயன்படும் டி.ஓ.பி. என்ற திரவம்தான் இருக்கிறது. எளிய கணக்கு: நல்ல சந்தன எண்ணெய் கிலோ லட்ச ரூபாய்க்கு மேல். பத்து மில்லி குப்பிக்கு அந்த எண்ணெய் மட்டுமே ஆயிரம் ரூபாயைத் தொடும். முந்நூறு ரூபாய்க்குப் 'பியூர் சந்தன பேஸ்' என்று ஒருவர் விற்றால் அவர் தர்மம் செய்கிறார் என்று அர்த்தம், நான் அப்படி ஒரு தர்மவானை இதுவரை சந்திக்கவில்லை.

வீட்டிலேயே பார்க்க வழி உண்டு. மணமில்லாத வெள்ளைக் காகிதத்தில் சின்னத் துளி தொட்டு, தேதி எழுதி, திறந்த இடத்தில் வையுங்கள். மூன்றாம் நாள் மோந்து பாருங்கள். மென்மையான, பால் மாதிரி, மரம் மாதிரி ஒரு மணம் இருந்தால் அடியில் சந்தனம் இருக்கிறது. எண்ணெய்க் கறை அப்படியே இருந்து மணம் மட்டும் ஒன்றுமில்லாமல் போயிருந்தால், அடியில் பாரஃபினோ அதன் உறவுக்காரரோ. உங்கள் கையில் சாயங்காலம் சந்தனம் தெரிந்தது என்கிறீர்கள், அதுவே நல்ல அறிகுறி. ஒரே எச்சரிக்கை, ஆய்வகச் சந்தனங்களும் நாள்கணக்கில் நிற்கும், சோதனையில் அவையும் தேறிவிடும். ஆனால் அவை கொஞ்சம் கூராக, நேர்கோட்டில் மணக்கும். அசல், மணிக்கு மணி கொஞ்சம் மாறிக்கொண்டே இருக்கும்.

இனி எப்படிப் பூசலாம். குளித்த பின் மணிக்கட்டில் அல்லது முழங்கை மடிப்பில் மணமில்லாத வாஸ்லின் இம்மியளவு தடவுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், அதன் மணம் குறுக்கே வரும். அதன் மேல் பல்குத்தும் குச்சியின் நுனியால் அத்தரைத் தொட்டு வையுங்கள், சொட்டு விடாதீர்கள். மூக்கை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி மோந்து பாருங்கள். பாச்சை உருண்டை பெரும்பாலும் பூவாகத் திரும்பிவிடும். முதல் தடவை என்றால் முழங்கை உள்பக்கம் ஒரு நாள் வைத்துப் பார்த்து அரிப்பு, சிவப்பு இல்லை என்றால் மட்டும் தொடருங்கள், மல்லிகைச் சாறு ஒவ்வாதவர்களும் உண்டு. பட்டுப்புடவையில் நேரடியாகப் படவிடாதீர்கள், கறை போகாது.

அரை மணி நேரத்தில் மணமே போய்விட்டது என்று தோன்றினால் மறுபடி பூசாதீர்கள். போனது மணமாக இருக்காது, உங்கள் மூக்கு பழகியிருக்கும். வெளியே ஒரு நடை போய்விட்டு வந்து மோந்து பாருங்கள், அங்கேயேதான் இருக்கும்.

குப்பியை வெளிச்சம் படாமல் அலமாரியில் வையுங்கள். மாதங்கள் போகப்போக நிறம் கறுக்கலாம், பழுப்போ சிவப்போ ஏறலாம். இண்டோலும் திராட்சைச் சாயல் தரும் அந்தப் பொருளும் அப்படித்தான் நிறம் மாறும், கெட்டுப்போனதாக எண்ண வேண்டாம். பச்சை வாடை அதற்குள் தணிந்துவிடும். கன்னோஜ்காரர்கள் புது அத்தரை உடனே விற்காமல் ஆறப்போடுவதும் உண்டு.

இன்று ராத்திரி ஒரு பருத்திக் கைக்குட்டை ஓரத்தில் குச்சி நுனி அளவு தொட்டு வைத்துவிட்டுத் தூங்குங்கள். துணியில் உடல் சூடு இல்லை, எல்லாம் மெதுவாக நடக்கும். காலையில் எடுத்துப் பார்த்தால் பாச்சை உருண்டையும் பூவும் சந்தனமும் ஒன்றையொன்று விடாமல் இன்னும் கலந்தே கிடக்கும். எனக்கு அந்தக் குப்பியில் மிகவும் பிடித்தது அந்தக் கட்டம்தான். உங்களுக்கும் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.